நானூற்றுப் பன்னிரண்டு என்னுடையது அல்ல

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் ஆடு இரண்டும் நலம், என் கால் விரல் ஒன்று மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது. அங்கு நீ நலமாக இருந்து நேரத்துக்குச் சாப்பிட மாதாவை வேண்டிக்கொள்கிறோம். போனில் சொல்லலாம்தான், நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய், மீதி எனக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால் சனிக்கிழமை குவைத் திரும்பும் ஜெகபர் அலி கையில் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததே. எழுதுவது, வியாழன்தோறும் என் காலுக்குக் கட்டுப் போட வீட்டுக்கு வரும் நர்ஸ் இசைவாணி. நான் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள், அவளைத் திட்டுவதையும் சேர்த்து.

முதல் விஷயம், அப்பாவுக்குச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு என்று உனக்குப் போன் வந்ததே, அது என்னுடையது அல்ல. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் அழுதாயாம், வேண்டாம். அது காத்தானுடைய சர்க்கரை. வாய்க்கால்கரைக் காத்தான் மாமாதான், நீ முதன்முதலாகப் புது நன்மை வாங்கிய அன்று வெள்ளைக் கவுனில் சேறு படாமல் உன்னைத் தோளில் தூக்கிவந்து கோயிலில் விட்டவன். அவன் சர்க்கரை என் பெயரில் ஏறிய கதையைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

போன வாரம் இசைவாணிக்கு ஏதோ பயிற்சி, பதிலுக்கு வேறொரு நர்ஸ் வருவாள் என்று முன்னமே சொல்லியிருந்தாள். அதே வியாழக்கிழமைதான் நம் இரண்டு மா நிலத்தில் நடவு மெஷின் இறங்கும் நாள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, காலில் தண்ணீர் படக் கூடாது என்பது இசைவாணி போட்ட சட்டம். ஐம்பத்தெட்டு வருஷமாக நான் நிற்காமல் அந்த வயலில் ஒரு நாற்று இறங்கியதில்லை, நீ பிறந்த அன்றுகூட நடவு முடிந்துதான் உன்னை வந்து பார்த்தேன், அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். புது நர்ஸ் என் முகத்தைப் பார்த்ததில்லை, அம்மாவும் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். காத்தானைக் கூப்பிட்டு, என் கட்டில்ல படுத்துக்க, பேரு கேட்டா ஆசீர்வாதம்னு சொல்லு என்றேன். ஃபேன் ஓடுமா என்று மட்டும் கேட்டான். அவன் காலில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, கழுத்தில் என் ஜெபமாலையையும் போட்டுவிட்டேன். ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டான், பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் காலில் யூரியாப் பையைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். மெஷின் நன்றாகத்தான் நட்டது, ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டது. அந்த மூலையில் இறங்கி நட்டது யார் என்று நீ கேட்காதே, இசைவாணி கேட்டாயிற்று.

இங்கே அந்தப் பெண் கட்டைப் பிரித்துப் பார்த்தால் புண்ணே இல்லை. முழுவதும் ஆறிவிட்டது என்று சந்தோஷமாக எழுதிவிட்டாள். இவன் சும்மா இருக்கக் கூடாதா, எல்லாம் வேளாங்கண்ணி மாதா புண்ணியம்மா என்று கும்பிட்டிருக்கிறான். பிறகு விரலில் குத்திப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும் என்றாளாம். சாயங்காலம் காத்தான் என்னிடம் வந்து, உனக்குச் சக்கரை ரொம்ப ஜாஸ்தியாம்ப்பா, ஒடம்பப் பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் பயந்துபோய் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் புத்தியைப் பார்த்துக்கொள்.

மறுநாள் காலையில் இசைவாணி ரிஜிஸ்டரோடு வந்து நின்றாள். ஒரே வாரத்துல புண்ணு மறைஞ்சிடுச்சு, சக்கரை நானூத்திப் பன்னெண்டு, அப்படி என்னத்தத் தாத்தா தின்னீங்க என்றாள். என் சர்க்கரை எனக்கு மனப்பாடம். ஆடி முதல் வியாழன் நூற்றெண்பத்தேழு, அடுத்தது நூற்றெழுபத்து நான்கு, மாதா பிறந்தநாள் வாரத்தில் இருநூற்று முப்பத்தொன்று, அது அதிரசம் இரண்டு. அதற்கு மேல் நான் போனதே இல்லை, இது காத்தானுது என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த இரண்டு செம்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது, இரண்டு மாதமாக அவன் நிமிஷத்துக்கொரு தரம் வரப்போரம் ஒதுங்கியதும் ஞாபகம் வந்தது. இசைவாணி உடனே ஸ்கூட்டியைத் திருப்பினாள். நானும் காலை ஏர்க்கால் மாதிரி நீட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடையில் காத்தான், ரெண்டு நாளா கண்ணு மங்குதுங்க என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருந்தான். டீயைத் தட்டிவிட்டேன், பன்னை ஆடு தின்றது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ஆள் வரப்பிலேயே சுருண்டிருப்பார் என்றார் டாக்டர். காத்தானோ நீ வயலுக்குப் போனதுனாலதான் நான் பொழச்சேன் என்று எனக்கு நன்றி சொல்கிறான். இசைவாணி என்னை முறைக்கிறாள்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே கட்டிலில் வைத்துத்தான் பரிசோதனை. ஆதார் அட்டையில் முகம் பார்த்த பிறகுதான் குத்துகிறாள். இன்று எனக்கு நூற்றறுபத்தொன்பது, அவனுக்கு இருநூற்று நாற்பது, கிறிஸ்துமஸுக்குள் என்னை ஜெயிக்கிறானாம். அந்த மூலைச் சேற்றால் என் புண் பத்து நாள் பின்னால் போய்விட்டது, சத்தியம் செய்ததால் அதையும் எழுதுகிறாள்.

நீயும் அங்கே ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொள், வேறு ஆளை அனுப்பாதே. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. எனக்காகப் பதறி வர வேண்டாம் தங்கம். ஆனால் டிக்கெட் ஏற்கனவே போட்டுவிட்டாயானால் கேன்சல் செய்ய வேண்டாம், இருக்கட்டும். காத்தானைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஆசீர்வாதம் (இடது கைப் பெருவிரல் ரேகை)

அக்கா, ரேகை தாத்தாவுடையதுதான். கையைப் பிடித்து நானே வைத்தேன். காத்தான் தாத்தா அப்போது வாசலில் இருந்தார். இசைவாணி.