பாலத்துக்கு இந்தப் பக்கம்

நேற்று வியாழக்கிழமை. அந்தி நேர மஃரிபு தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி வழக்கம்போல் சாம்பிராணி போட்டிருந்தாள். தணலில் ஒரு சிம்பு சந்தனக்கட்டையும் சேர்த்துவிட்டாள் போலிருக்கிறது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. கழற்றிய செருப்பையே திரும்ப மாட்டிக்கொண்டு, தூறலில் நம் குன்னூர் பெட்ஃபோர்டு முக்கு வரை நடந்தேன். திரும்பினேன். மறுபடியும் நடந்தேன்.

"ஏனுங்க, இந்த வயசுல இப்படி நனையறீங்களே, என்னத்தைத் தேடறீங்க?" என்று அவள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான், நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தேன் சார்.

நாம் இரண்டு பேரும் ஒரே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நீங்கள் ஆய்வகத்தில். நான் தீயணைப்புப் பிரிவில். சுதந்திரத்துக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த முதல் கூட்டத்தில் நாம் இருவரும் இருந்தோம். உள்ளே போகும் ஒவ்வொருவரையும் வாசலில் சோதிப்பார்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு தீக்குச்சி போதும், பள்ளத்தாக்கே எழும்பிவிடும். எங்கள் பிரிவுக்காரர்களுக்கும் முறைவைத்து அந்தச் சோதனை வேலை வரும்.

குன்னூரில் பார்சிக் குடும்பம் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் இருந்தன. உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும். 'நெருப்பைக் கும்பிடறவர் வெடிமருந்து ஆலைல வேலை பாக்கறாரு' என்று பின்னால் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் கேன்டீனில் நேராகவே கேட்டுவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை.

"நெருப்பைக் கும்பிடறதில்லீங்க பாய். நெருப்புக்கு முன்னாடி நின்னு கடவுளைக் கும்பிடறோம். நீங்க மேற்கைப் பாத்துத் தொழறீங்க. மேற்கையா கும்பிடறீங்க?"

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு உங்களோடுதான். நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாத புத்தி எனக்கு. ஒன்றைக் கேட்டால் அதற்குள்ளே இன்னொன்றைக் கிளறுவேன். அதற்கு ஏற்றாற்போல் நீங்கள் கிடைத்தீர்கள். கொதிகலன் பிரிவுக் கந்தசாமி வீட்டில் கணபதி ஹோமம் நடந்த மறுநாள் அவனிடம், "நீங்க யக்ஞம்ங்கறதை எங்க வேதத்துல யஸ்னம்பாங்க. உங்க சோமரசம் எங்களுக்கு ஹவோமா. ஒரே ஊட்டுல பொறந்து பாகம் பிரிஞ்ச அண்ணன் தம்பி மாதிரி" என்றீர்கள். கந்தசாமி விடவில்லை. "அப்புறம் ஏனுங்க பிரிஞ்சீங்க?" என்றான். "பிரிஞ்சப்போ கொஞ்சம் சண்டையும் நடந்திருக்கும். உங்களுக்கு அசுரன்னா கெட்டவன், தேவன்னா நல்லவன். எங்களுக்குத் தலைகீழ். எங்க கடவுள் பேரே அஹுரான்னுதான் தொடங்கும்" என்று நீங்கள் சொன்னதும், அவன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் குடிலில் நட்சத்திரத்தைப் பார்த்து வரும் மூன்று ஞானிகள் உங்கள் குருமார்களாக இருக்கலாம் என்பீர்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களைப் பாரசீக அரசர் விடுவித்தார், அந்தத் தொடர்பில் சாத்தானும் தேவதூதரும் இறுதித் தீர்ப்பும் ஊருக்கு ஊர் பரவியிருக்கலாம் என்பீர்கள். எப்போதும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்வீர்கள். "படிச்சவங்களே இதுல அடிச்சுக்கறாங்க பாய், நான் எம்மாத்திரம்?" என்று முடிப்பீர்கள். நாங்கள் தொழுகைக்கு அழைப்பதைப் 'பாங்கு' என்கிறோமே, அது அரபி இல்லை, பாரசீகச் சொல் என்று உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். நம்பாமல் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவரும் ஆமாம் என்றார்.

அதுவரை எல்லாம் எனக்கு ருசியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ரமலான். நோன்பு வைத்திருந்தேன். நீங்கள் எனக்கு எதிரில் சாப்பிட மனமில்லாமல் டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். மறுமையைப் பற்றிப் பேச்சு வந்தது. நரகத்தின் மேல் முடியைவிட மெல்லிசான பாலம் இருக்கிறது, எல்லோரும் அதைக் கடந்தாக வேண்டும் என்று என் சின்ன வயசில் அத்தா சொன்னதைச் சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்களுக்கும் அதே பாலம் உண்டுங்க! செத்த மூணாம் நாள் கழிஞ்சு, நாலாம் நாள் விடியறப்போ உசுரு அந்தப் பாலத்துக்குப் போகும். நல்லவனுக்கு அகலமாகும். கெட்டவனுக்குக் கத்தி முனையாட்டம் சுருங்கும். உங்க பாலம் எங்க பாலந்தான் பாய்." அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "என்ன, உங்காளுங்க பாரசீகத்துக்கு வந்தப்போ எங்காளுங்க கப்பல் ஏறிக் குஜராத்துக்கு ஓடி வந்தாங்க. பாலத்தை மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்" என்றீர்கள்.

விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. என் அத்தா கண்ணில் நீர்வரச் சொன்ன பாலம் யாரோ விட்டுப்போன பொருளா? எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்களோடு சாப்பிட உட்காரவில்லை. நீங்கள் இரண்டு தடவை என்னைத் தேடிப் பிரிவுக்கே வந்தீர்கள். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டேன். என் கோபம் உண்மையில் உங்கள் மேல்தானா, எனக்குள் நீங்கள் எழுப்பிவிட்ட சந்தேகத்தின் மேலா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வாசல் சோதனை என் முறை. மழைக்கோட்டோடு அவசரமாக வந்தீர்கள். கோட்டின் உள்பையில் என் கை ஒரு தீப்பெட்டியைத் தொட்டது. கூடவே காகிதத்தில் மடித்த சந்தனச் சிம்புகள். காலையில் வீட்டில் தீபம் ஏற்றிவிட்டு மறந்துபோய்ப் போட்டுக்கொண்டீர்கள் என்று பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. நீங்களும் முகம் வெளுத்து, "ஐயோ, மறந்துட்டேன் பாய்" என்றீர்கள்.

அந்த மாதிரி நேரங்களில் தெரிந்தவர் என்றால் வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் கொடுத்து அனுப்புவோம். எத்தனையோ பேருக்கு நான் அப்படிச் செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை. "சட்டம் சட்டம்தான் சார்" என்று சொல்லி, மேலதிகாரியைக் கூப்பிட்டு எழுத்தில் கொடுத்துவிட்டேன். சந்தன மணம் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. உங்களை ஆய்வகத்திலிருந்து எடுத்துக் கிடங்கு அலுவலகத்தில் காகிதம் தைக்க உட்கார வைத்தார்கள். குடுவையும் தராசுமாக இருந்த மனிதர், கோப்புகளுக்கு நடுவில். நான் செய்தது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் பாராட்டக்கூடச் செய்தார்கள். அதுதான் என்னை அரித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நிற்கும்போதும், 'செய்தது சரிதானே, சரிதானே' என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பேன். சரியாகச் செய்தவன் ஏன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்?

நீங்களாகத்தான் முதலில் வந்தீர்கள். என் மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, அழைக்காமலே, கையில் ஒரு டப்பா கேக்கோடு வாசலில் நின்றீர்கள். என் மனைவி, "வாங்கண்ணா, உள்ள வாங்க" என்று கூட்டிப்போனாள். தீப்பெட்டி பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுபடியும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். ஓய்வு பெற்ற பிறகும் தினம் சாயங்காலம் சிம்ஸ் பூங்கா வரை நடந்தோம். ஒரு நடையில்தான் நீங்கள் பாலத்தின் மீதிக் கதையைச் சொன்னீர்கள். உயிர் பாலத்தின் முனைக்குப் போகும்போது எதிரில் ஒரு பெண் வருவாளாம். நல்லபடி வாழ்ந்தவனுக்கு அவள் அழகாக இருப்பாள். மற்றவனுக்குப் பார்க்கவே சகிக்காது. யார் நீ என்று கேட்டால், 'நான்தான் உன் எண்ணம், உன் சொல், உன் செயல்' என்பாளாம்.

அன்று இரவு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். செயல் சரி. சொல்லும் சட்டப்படி சரி. எண்ணம்?

நீங்கள் படுத்த படுக்கையானது ஐப்பசி மழையில். ஒருநாள் காலை என்னை அருகில் உட்காரச் சொன்னீர்கள். தலைமாட்டில் தீபம் எரிந்துகொண்டிருந்தது.

"எங்க குருமார் வெளியூர்ல இருந்துதான் வரணும் பாய். வந்தா நல்லது. வராட்டி, மூணு நாளும் விளக்கு அணையாம நீங்க பாத்துக்கங்க. நாலாம் நாள் விடியற வரைக்கும்."

"நான் செய்யலாங்களா சார்? உங்க முறைப்படி..."

"முறைப்படி கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. நான் உங்களத்தான் கேக்கறேன்."

அப்போது வாயைத் திறந்தேன். "சார், அந்தத் தீப்பெட்டி விஷயம்..." நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "நீங்க பண்ணினது சரிதாங்க. சட்டம் சட்டம்தான்." என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இரண்டு நாளில் போய்விட்டீர்கள். அன்றே மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது. கோயம்புத்தூரிலிருந்த உங்கள் அக்கா மகளும் குருமாரும் அடிவாரத்தில் நின்றுவிட்டார்கள். மேல்சாலை திறந்திருந்ததால் ஊட்டியிலிருந்து இரண்டு பார்சிப் பெரியவர்கள் வந்து, தெரிந்த மந்திரங்களைச் சொல்லி, ஊட்டியில் பார்சிகளுக்கென்று இருக்கும் மயானத்தில் உங்களை அடக்கம் செய்தார்கள். கடைசிச் சடங்கை வேற்று மார்க்கத்தார் பார்க்கக் கூடாது என்றார்கள். நான் வெளிக் கதவருகே நின்றேன். அவர்களுக்கு உடம்பு தாளாது, உங்கள் வீட்டில் தங்க முடியாது. விளக்கை நான் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் மூத்தவர், "கேட்டவர் அவர். செய்யுங்க" என்றார்.

நானும் என் மனைவியும் மாறி மாறி எண்ணெய் விட்டோம். வாழ்நாள் முழுக்கத் தீயை அணைத்தே பழகிய கை, ஒரு சுடர் காற்றில் சாய்ந்தாலும் குவிந்து அதைக் காத்தது. உங்கள் மந்திரம் எனக்குத் தெரியாது. என்னுடையதை ஓதினால் உங்களுக்கு உதவுமா, இடைஞ்சலா? பாதி ஓதுவேன், நிறுத்துவேன். எழுந்து ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடப்பேன். என் தொழுகை நேரத்தில் அவள் பார்த்துக்கொள்வாள். நாலாம் நாள் சுபுஹுக்குப் பாங்கு கேட்டது. பள்ளத்தாக்கில் பனி வெளுத்தது. சுடர் அசையாமல் நின்றது. நீங்கள் கடந்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் சாலை திறந்து உங்கள் அக்கா மகள் வந்தாள். இன்னும் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துவிட்டு அழுதாள். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தத் தீப்பெட்டியை வைத்து ஆத்திரத்தில் உங்களை மாட்டிவிட்டேன் என்றும், சட்டம் என்று சொன்னது சாக்கு என்றும் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்குத் தெரியும் அங்கிள். அன்னைக்கு நான் லீவுக்கு இங்கதான் இருந்தேன். ஊட்டுக்கு வந்ததும் சொன்னாரு, 'பாய்க்கு எம்மேல கோபம். நான் அவர் அத்தாவோட பாலத்தைத் தொட்டுட்டேன்'னு."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேக் கொண்டுவந்தீர்கள். தெரிந்துதான் விளக்கை என்னிடம் விட்டீர்கள். இது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் பெண் நினைத்தாள். இல்லை சார். நான் கேட்காமலே நீங்கள் கொடுத்துவிட்ட மன்னிப்பை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாலம் யாருடையது என்ற கேள்வி என்னை விட்டுப் போய்விட்டது. எங்கிருந்து எங்கே வந்திருந்தாலும் நடக்கப்போகிறவன் நான்தான். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பழக்கம். யார் மீதாவது ஆத்திரம் வந்து, நியாயமும் என் பக்கம் இருந்தால், ஒரு முழு நாள் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரன் என் வேலியைத் தள்ளிப் போட்டபோதும் அப்படித்தான் இருந்தேன். மறுநாள் போய்ப் பேசினேன். வேலி நகர்ந்தது, அவனும் முகம் கொடுத்துப் பேசுகிறான். ஆனால் அந்த ஒரு நாள் இருக்கிறதே சார், அன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.