எண்ணின் மேல் சிவப்பு

மார்ச் 3, திங்கள்
பல் கூச்சம் இன்னும் போகவில்லை.

எங்கள் இணையதளத்தின் இரண்டு மாத ஹீட்மேப் வந்துவிட்டது. வருகிறவர்கள் திரையில் அதிகம் தொடும் இடம் சிவப்பு, தொடாத இடம் நீலம். வீட்டில் அடிபடும் பெண்கள் உதவி தேடி வரும் தளம் எங்களுடையது. செல்போனில் வந்தவர்களின் படத்தில் உதவி எண்ணின் மேல் அப்படியொரு சிவப்பு, கன்றிப்போன தோல்போல.

மேனேஜர் சார் பூரித்துப்போனார். "பாத்தியாம்மா, உன் டிசைன் எப்படி ஆளை இழுக்குதுன்னு."

சிரித்து வைத்தேன்.

மார்ச் 4
தொட்டால் அழைப்பு போய்விடும். ஒருமுறை தொட்டால் போதுமே. அப்புறம் ஏன் அவ்வளவு சிவப்பு?

மார்ச் 5
நான்தான்.

ஜனவரியில் அந்த எண்ணை அழகான எழுத்தில் படமாக்கி ஒட்டினேன். படத்துக்கு இணைப்பு கொடுக்க மறந்திருக்கிறேன். கணினியில் மட்டும் சரிபார்த்தேன். அங்கே யாரும் எண்ணைத் தொடப்போவதில்லை. செல்போனில் எத்தனை முறை தொட்டாலும் ஒன்றும் நடக்காது. பார்த்து, மனதில் வைத்து, பத்து இலக்கத்தையும் அழுத்த வேண்டும். கை நடுங்குகிற ஒருத்தியால் முடியுமா?

இணைப்பைக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 6
பார்க்காமல் இருந்திருக்கலாம். வந்தவர்களின் விரல் போன பாதையெல்லாம் பதிவாகியிருக்கிறது. பெயர் கிடையாது, முகம் கிடையாது. பிப்ரவரி 11, முற்பகல். ஒருத்தி எண்ணைத் தொடுகிறாள். பதினேழு முறை. பிறகு ஒரு நிமிடம் அசைவே இல்லை. மறுபடி நான்கு முறை. பக்கம் மூடிக்கொள்கிறது.

அந்த ஒரு நிமிடத்தில் அறைக்குள் யார் வந்தது?

"தட்டையே பாத்துட்டிருந்தா வயிறு நெறஞ்சிடுமாடி?" என்றாள் அம்மா.

மார்ச் 7
உதவி எண்ணில் பகல் முழுக்க உட்காருபவர் போன் அக்கா. இன்று ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா கூப்புடறவங்க பாதியா கொறஞ்சுட்டாங்க. புருஷனுங்க எல்லாம் திருந்திட்டானுங்க போல."

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

அழைப்பு குறைந்ததால் பகல் லைனை மூடிவிடலாமா என்று திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். சொன்னால் என் வேலை போகும். அது போனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிடலாம் — அக்கா என்னைப் பார்க்கப்போகும் பார்வை?

மார்ச் 9
எந்தப் புத்தகமும் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே. ஐயோ, எனக்குத் தெரியுமே.

மார்ச் 10, திங்கள்
சொன்னேன். கூட்டத்தில், படத்தைச் சுவரில் காட்டியே சொன்னேன்.

சார் எழுந்து சுவரருகே போய் அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு, "எத்தனை பேரு?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேர், சார்."

வாசலில் போன் அக்கா நிறுத்தினார். "வெள்ளிக்கிழம நான் சொன்னதுக்குச் சிரிச்சியே. அப்பவே தெரியும்ல உனக்கு?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

மார்ச் 11
பகல் லைன் இருக்கும். தளத்தை இனி வேறொருவர் பார்ப்பார். எனக்கு அக்காவின் அறையிலேயே ஒரு மூலை மேசை, பழைய கோப்புகளைத் தட்டச்சு செய்யும் வேலை.

அக்கா பேசவில்லை.

மார்ச் 19, புதன்
புதிய ஹீட்மேப் வந்திருப்பதாகச் சார் காட்டினார். எண்ணின் மேல் வெளிர் மஞ்சள், அவ்வளவுதான். ஒருமுறை தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

பின்னல் பை மேசைக்கடியில் கிடக்கிறது, அக்காவுக்கு நேரமில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் தட்டச்சை நிறுத்திவிடுகிறேன் — பதினேழு முறை தொட்ட அவளா? அவள் இனி கூப்பிடுவாளா? கூப்பிடும் நிலையில் இருக்கிறாளா?

பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, ஒன்பது நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "கதவச் சாத்து."

சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன்.