பின்சுவர்

சோடஸ், நியூயார்க்
1838 மே 6

அன்புள்ள ஆல்வா,

நலம் என்று எழுதக் கை பழகிவிட்டது. அப்படியே எடுத்துக்கொள்.

கொத்தனார் பர்ன்ஹாம் வேலையைத் தொடங்கிவிட்டார். பலகைத் துளையில் ஒவ்வொரு கல்லாக விட்டுப் பார்த்து அளவு வாரியாகப் பிரிக்கிறார். ஊர் வழக்கப்படிதான்: ஏரிக் கல் முன்சுவருக்கு, வயல் கல் பின்சுவருக்கு. ஒரு நாளைக்கு மூன்று வரிசை. சுண்ணாம்பு இறுகாமல் நான்காவது வைக்கமாட்டார். யாராவது வேடிக்கை பார்க்க நின்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார். "கல்லு தூக்க வந்தீங்களா, தொழிலைத் திருட வந்தீங்களா?"

லொவைசா ஏரிக்கரையில் பொறுக்கிய சிவப்புக் கற்கள் கொட்டகையோரம் கிடக்கின்றன. உனக்குத் தெரியும், நம் மகள் வேறு நிறத்தைத் தொடமாட்டாள். முன்வாசலைச் சுற்றி வைக்கச் சொல்லட்டுமா? ஏரி அவளைத் திருப்பித் தரவில்லை. போய் நிற்க நமக்கு ஒரு கல்லறை இல்லை.

வீடு முடிந்தால் வருவதாகச் சொன்னாய்.

உன்
பெர்மீலியா

*

லாக்போர்ட்
மே 27

அன்புள்ள பெர்மீலியா,

அந்தக் கற்கள் வேண்டாம்.

கடைசியாக அவள் கையில் இருந்தவை அவைதான். அவற்றைச் சுவரில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவேன், எப்படித் தூங்குவேன்? எங்காவது புதைத்துவிடு. ஏரியில் மட்டும் போடாதே.

இங்கே கால்வாய்க்காக நாள் முழுக்கப் பாறை உடைக்கிறோம். எல்லாம் சாம்பல் நிறம். அதனால்தான் என்னால் முடிகிறது.

அவை இல்லாத வீடு என்றால் இலையுதிர் காலத்தில் வருகிறேன். இருக்கத்தான் வருகிறேன்.

ஆல்வா

*

சோடஸ்
செப்டம்பர் 9

அன்புள்ள ஆல்வா,

கூரை ஏறிவிட்டது. பழைய மரக்கட்டை வீட்டிலிருந்து அடுப்பைக்கூட மாற்றிவிட்டேன். முன்சுவரில் ஒரு சிவப்புக் கல்கூட இல்லை. சாலையில் நின்று நானே பார்த்தேன்.

பக்கத்துப் பண்ணை ஹல்டா வந்தாள். "இவ்வளவு பெரிய முன்கதவு எதுக்குடி? பாதிரியாருக்கும் பிணத்துக்கும்தானே திறக்கப்போறே. வீட்டு ஆளுங்க எல்லாம் பின்வாசல்தான்."

"அவர் வரும்போது திறப்பேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அக்டோபர் மாதம் ஆப்பிள் பறிக்க ஆள் வேண்டும். அதற்காகவாவது வா.

உன்
பெர்மீலியா

*

லாக்போர்ட்
அக்டோபர் 21

பெர்மீலியா,

போன வாரம் வந்தேன்.

மாலை. மழை. சாலையில் நின்று பார்த்தேன். நீ சொன்னபடியே இருந்தது. கற்கள் எல்லாம் ஒரே அளவு, சாம்பலும் வெள்ளையும். அழகான வீடு. முன்சன்னலில் விளக்கு வைத்திருந்தாய். இங்கே என்னால் இருக்க முடியும் என்று நினைத்தேன். அதை நினைத்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும்.

பூட்ஸில் சேறு. வழக்கம்போலப் பின்பக்கம் போனேன்.

கதவை ஒட்டி, கை உயரத்தில், ஒரே வரிசையாக அந்தக் கற்கள். தாழ்ப்பாளுக்கு நீட்டிய கை அவற்றில் பட்டது. ஈரமாக இருந்தன. மழைதான். மழை என்று தெரியும்.

உன்மேல் குறை இல்லை. அவளை நீ எங்காவது வைத்தாகவேண்டும். என்னால் அந்தக் கதவைத் தாண்ட முடியாது.

நாளை மிச்சிகன் போகும் ஆட்களுடன் கிளம்புகிறேன். நிலத்தை நீயே வைத்துக்கொள்.

ஆல்வா

*

சோடஸ்
நவம்பர் 4

ஆல்வா,

வேறு முகவரி இல்லாததால் இதையும் லாக்போர்ட்டுக்கே அனுப்புகிறேன்.

புதைக்கத்தான் குழி வெட்டினேன். கற்களை உள்ளே போட முடியவில்லை. பர்ன்ஹாமிடம் பின்சுவரில் வைக்கச் சொன்னேன். "முன்னால வைக்கவேண்டிய நிறம்மா. பின்னால கோழிக்கா காட்டப்போறீங்க?" என்றார். வைத்துவிட்டுப் போனார். தினமும் வாளியோடு போகும்போது ஒருமுறை தொடுவேன். அவ்வளவுதான் செய்தேன். நீ பார்க்கும் முன் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நீ வந்த அந்த மழை நாளிலும் முன்கதவைத் தாழிடாமல், சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் நாய் குரைத்தது. நரி என்று நினைத்தேன்.

உன் கடிதங்களில் நீ எப்போதும் விருந்தாளிபோலத்தான் இருந்தாய். வீட்டு ஆளாக வருவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெர்மீலியா