நான் காட்டிய கடல்குதிரை

மார்ச் 3, திங்கள்

காலையில் நான்கு பேரைக் கடலுக்கடியில் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன், மதியம் இரண்டு பேர். மதியம் வந்த தம்பதியைப் பெரிய கடல்விசிறிக்கு அழைத்துப்போனேன். இருபத்தேழு மீட்டர் ஆழத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறது அது, விசிறி மாதிரி கிளை விரித்த பவளம். இடது ஓரத்தில், மேலிருந்து இரண்டு சாண் கீழே, குள்ளக் கடல்குதிரை இருக்கும். அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விசிறிக்கு என்ன நிறமோ, என்ன முண்டு முடிச்சோ, அதற்கும் அதேதான். குச்சியை நீட்டிக் காட்டினேன். இருவரும் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். மேலே வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க கண்ணுக்குச் சுத்திப் போடணும்" என்றாள் அந்தப் பெண்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவைக்கிறேன். நான் அதைப் பார்க்கவில்லை. அங்கே இருக்கும் என்று தெரியும், காட்டினேன். கடைசியாகக் கண்ணால் பார்த்து எத்தனை நாள்? இரண்டு வாரம்? அதற்கும் மேலா?

மார்ச் 6, வியாழன்

தலைவலி மாத்திரையின் தேதியைப் படிக்க அட்டையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தேன். கை தீர்ந்துவிட்டது, எழுத்து தெளியவில்லை. என் வீட்டுக்காரர், இவர், பார்த்துவிட்டார். "என்ன, மாத்திரைக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

தூரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. படகுத்துறையில் நிற்பவன் சட்டைப் பொத்தானை எண்ணச் சொன்னாலும் எண்ணுவேன். கைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் குழம்புகிறது. என் பிழைப்பே பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான்!

அம்மாவுக்குக் கண் கோளாறு ஆரம்பித்தபோது வயது நாற்பத்தைந்து. எனக்கு இப்போது நாற்பத்துநான்கு. அம்மா டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவாள், "கை வழுக்கிடுச்சு" என்பாள். இரண்டு வருடம் மறைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அன்று அம்மாவை நான் திட்டிய திட்டு — வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா போனில். "டாக்டர் அன்னைக்கே சொன்னாரு, பொண்ணுங்களும் வருஷா வருஷம் கண்ணைக் காட்டணும்னு. நீ போனியா?"

"போறேன்."

"எப்ப?"

"சீசன் முடியட்டும்க்கா."

"சீசன் முடியும். கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

போனால் என்ன ஆகும்? அம்மாவின் நோய் என்பார்கள். கண் தெரியாதவளை யார் கடலுக்குள் விடுவார்கள்? பதினெட்டு வருடம் இதைத் தவிர வேறு வேலை தெரியாது. போகாத வரைக்கும் அது வெறும் சந்தேகம்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாம். தெரிகிறது, நானும் பூனைதான்.

மார்ச் 14, வெள்ளி

பட்டியல் ஐயா வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வருடா வருடம் ஆறு நாள் வருவார், போட்டோ எடுப்பார். கையில் ஒரு பட்டியல், அதில் அறுபத்திரண்டு உயிர்கள். தவளைமீன், ஓடில்லா நத்தை, கண்ணாடி இறால் எல்லாம் போட்டோ எடுத்து டிக் போட்டாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று, குள்ளக் கடல்குதிரை. எழுபது வயது. இதயம் பார்க்கும் டாக்டர் இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஏம்மா, என் குதிரையைக் கட்டி வெச்சிருக்கியா?" என்றார் படகுத்துறையிலேயே.

"லாயத்துலயே இருக்குங்கய்யா" என்றேன். வாய் இருக்கிறதே, வாய்!

முதலாளியம்மா தனியாகக் கூப்பிட்டு, "அவர் நமக்காக வரல, உனக்காக வர்றாரு. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 15, சனி

காட்டினேன். அதே இடம், இடது ஓரம், இரண்டு சாண். அவர் நாற்பது போட்டோ எடுத்தார். நான் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். ஒரு முண்டு அசைந்த மாதிரி இருந்தது. இருந்ததா?

சாயங்காலம் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். வெறும் விசிறி. நாற்பதிலும் வெறும் விசிறி.

"ஃபிளாஷ் பட்டா முதுகைத் திருப்பிக்குங்கய்யா" என்றேன். அது பொய்யில்லை, திருப்பிக்கொள்ளும்தான். ஆனால் அவர் தன் இரண்டு கையையும் விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தார். "இல்லம்மா. என் கை நடுங்குது. முன்ன மாதிரி பிடிக்க முடியல. நீ காட்டுறே, எனக்குத்தான் எடுக்கத் தெரியல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் மறுபடி அதே விசிறி. இன்று எப்படியாவது அந்தக் குதிரையைக் கண்டுபிடித்தே தீருவது என்று ஓரம் ஓரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு காற்று மிச்சம் என்று ஐயாவுக்குச் சைகை செய்தேன். அவருக்கு வெகு நாளாகவே பக்கத்திலிருக்கும் எழுத்து தெரியாது, எப்போதும் மிச்சக் காற்றைக் காட்டும் தன் கேஜை என்னிடம் நீட்டுவார், நான் பார்த்துச் சொல்வேன். முழு சிலிண்டருக்கு முள் இருநூறில் நிற்கும். ஐம்பதுக்கு வந்துவிட்டால் மேலே கிளம்பிவிட வேண்டும். ஐம்பதுக்குக் கீழே சிவப்பு அடித்திருக்கும், ஆனால் அந்த ஆழத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, சாம்பல்தான். முள் எனக்கு ஒரு கலங்கலாகத் தெரிந்தது. இருபது நிமிடம் ஆகிறது, இவருக்கு வழக்கமாக நூற்றுப்பத்து இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, சரி, இருக்கலாம் என்று கை காட்டினேன்.

கேஜையும் நான் பார்க்கவில்லை. நினைத்துக்கொண்டேன்.

ஏறி வரும்போது எட்டு மீட்டரில் அவர் கண் விரிந்தது. கழுத்தருகே கையை வெட்டிக் காட்டினார் — காற்று இல்லை. என்னிடமிருந்த உபரி வாய்க்குழாயை அவர் வாயில் வைத்தேன். அவர் என் தோள்பட்டையை இறுக்கிப் பிடிக்க, இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டு மேலே வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு எழுபது வயசு, நெஞ்சு வேற சரியில்ல, ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? யார் முகத்துல முழிச்சிருப்பேன்?

முதலாளியம்மா கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீ இருந்ததால பிழைச்சாரு" என்றார். படகில் எல்லாரும் கை தட்டினார்கள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு முதலாளியம்மாவே கேட்டார், "கீழ கேஜ் எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்திப்பத்து" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

நான் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டேன், அது பேயாய் அலைகிறது. "நூத்திப்பத்து பத்து நிமிஷத்துல எங்க போகும்? கேஜ்ல கோளாறு. அதை யாரு சர்வீஸ் பண்ணது?" என்று முதலாளியம்மா கேட்டார்.

இவர்தான். என் வீட்டுக்காரர். காற்று நிரப்புவது, கேஜ் சரிபார்ப்பது எல்லாம் பன்னிரண்டு வருடமாக இவர் வேலை.

இவர் "பார்க்கிறேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மார்ச் 19, புதன்

காற்று நிரப்பும் கொட்டகையில் அந்தக் கேஜைப் பிரிக்கிறார், மாட்டுகிறார். புதுக் கேஜோடு சேர்த்து வைத்து ஒப்பிடுகிறார். இரண்டும் ஒரே எண் காட்டுகின்றன. மறுபடி பிரிக்கிறார். சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

"முள்ளு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் எங்கேயோ பிடிபடல. வயசாவுதுல்ல?" என்றார்.

அன்று ஐயா கையை நீட்டிப் பார்த்தார், இன்று இவர் தன்னையே சந்தேகப்படுகிறார். என் கண்ணுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பலி. முதலாளியம்மா வெளியிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறார், நாளையிலிருந்து அவர் வரும்வரை இவர் எதையும் தொடக் கூடாதாம். நான் தட்டில் சோறு போட்டேன். சொல்ல வாயைத் திறந்து, "உப்பு போதுமா?" என்று கேட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். முதலில் இவரிடம்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாலு நாளா நான் அதைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார்.

முதலாளியம்மா சொன்னது: "கண்ணைக் காட்டி, எழுத்துல வாங்கிட்டு வா. அதுவரைக்கும் தண்ணியில காலை நனைக்கக் கூடாது."

பட்டியல் ஐயா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "காத்து விஷயத்தை விடுங்க. என் கேஜை நான் பார்க்காதது என் தப்பு. ரெண்டு குருடு சேர்ந்து போனோம், பிழைச்சோம். ஆனா பார்க்காததைப் பார்த்த மாதிரி காட்டினீங்களே. அஞ்சு நாள் நான் என் கையை நொந்துக்கிட்டேன்." இத்தனை வருடமாக என்னை 'நீ, வா, போ' என்று உரிமையோடு பேசியவர் இன்று 'நீங்க' என்றார். பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகேறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. இவர் வரவில்லை, அக்கா வந்தாள். சொட்டு மருந்து விட்டார்கள், அழுத்தம் பார்த்தார்கள், நரம்பைப் படம் எடுத்தார்கள். காத்திருக்கும் நாற்காலியில் அக்கா என் கையை விடவே இல்லை. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அம்மாவை உள்ளே கூட்டிப்போன அந்த நாள்தான்.

டாக்டரம்மா சின்னப் பெண். "அழுத்தம் சரியா இருக்கு. நரம்பும் நல்லா இருக்கு. உங்களுக்கு வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா ஊருக்கே வர்றதுதான். கண்ணாடி போட்டாப் போச்சு. அம்மாவுக்கு இருந்ததால வருஷம் ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

வெள்ளெழுத்து! சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா பயந்துபோனாள், நல்ல செய்தி சொன்னால் யாரும் இப்படி அழுவதில்லை போலிருக்கிறது. ஒரு வெள்ளெழுத்துக்கா ஒரு மனுஷனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்?

"வா, கண்ணாடி வாங்கலாம்" என்றாள் அக்கா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

சேதியைச் சொன்னேன். இவர் "நல்லது" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாஸ்க்கின் கண்ணாடியில் கீழ்ப்பாதிக்கு லென்ஸ் ஒட்டியாகிவிட்டது. முதலாளியம்மா, கூட இன்னொரு வழிகாட்டி போவதாக இருந்தால் சரி என்றார். நேரே பெரிய விசிறிக்குத்தான் போனேன்.

எல்லாம் தெரிந்தது. விசிறியின் ஒவ்வொரு முண்டும், அதில் ஒட்டியிருந்த மண்ணும்கூட. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை விரல் விரலாகப் பார்த்தேன். குதிரை இல்லை. இடது ஓரம் முழுக்கப் பாசி பிடித்துக் கிளை செத்துக் கிடந்தது. அந்தப் பாசி நேற்று இன்று வந்ததில்லை, மாதக்கணக்கு ஆகியிருக்கும்.

அப்படியானால் அந்தத் தம்பதி எதைப் பார்த்துத் தலையாட்டினார்கள்? அவர்களுக்கு முன்னே வந்தவர்கள்? நான் இருக்கிறது என்றேன், எல்லாரும் இருக்கிறது என்றார்கள்.

படகில் ஏறியதும் இவர் குனிந்து என் கேஜைப் பார்த்து நோட்டில் எழுதினார். இப்போது யார் மேலே வந்தாலும் மிச்சக் காற்றை இவரே பார்த்து எழுதுகிறார். நாம் சொல்லும் எண்ணைக் கேட்பதில்லை. மற்றவர்கள் கேஜை ஒரு தடவை பார்ப்பார், என் கேஜை இரண்டு தடவை. வீட்டில் பேசுகிறார் — தண்ணீர் வந்ததா, கதவைப் பூட்டினாயா, அந்த மாதிரி.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு தடவைதான். இன்றும்.

ஏப்ரல் 19, சனி

மூன்று பேர் வந்தார்கள், மூவருக்கும் குதிரை வேண்டும். இருந்தால் காட்டுகிறேன் என்று படகிலேயே சொல்லிவிட்டேன். நாற்பது நிமிடம், மூன்று விசிறிகள். ஒரு நண்டுக்குஞ்சும் இரண்டு இறாலும் காட்டினேன். மேலே வந்ததும் அவர்களில் சின்னவள், "குதிரை?" என்றாள்.

"இல்லீங்க. நல்லாத் தேடிட்டேன். இல்ல."

மூன்று முகமும் தொங்கிப்போயின. இவ்வளவு தூரம் வந்து, என்று ஒருவர் முணுமுணுத்தார். முதலாளியம்மாவிடம் புகார் போகலாம், போகட்டும்.

இவர் படகின் பின்பக்கம் நோட்டோடு நின்றார். அந்த மூவரின் கேஜையும் குனிந்து பார்த்து எழுதினார். கடைசியாக என் முறை. நான் கேஜை நீட்டினேன். இவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். "எம்பத்தஞ்சு."

எழுதிக்கொண்டார். குனிந்து பார்க்கவில்லை.