குறுக்கே இருந்தால் திறந்திருக்கிறது

பிளம்பர் வந்துபோய் ஒரு வாரமாகிறது. பைப் ஒட்டும் பசையின் வாசனை இன்னும் குளியலறையை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு டியூட்டி இல்லாத நாட்களில் இந்த வீட்டில் வீசியது இதே வாசனைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னிக்கு எத உடைக்கப் போறீங்க?" என்று வாசலிலிருந்தே கேட்பேன். இன்று காலையும் கதவைத் திறந்ததும் அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆமாம், பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் இருந்தவரை நம் வாசற்படியை ஒரு பிளம்பர் மிதித்ததில்லை. "நாலு மரை சுத்துறதுக்கு ஒரு ஆளாடி?" என்பீர்கள். பாகூர் பஸ்ஸில் நாளெல்லாம் நின்றபடி டிக்கெட் கிழித்துவிட்டு வரும் மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சணலும் டேப்பும் பசையும் சைக்கிள் டியூபுமாக உள்ளே போவீர்கள். வெளியே வரும்போது ஒழுகிய இடம் நின்றிருக்கும், அதற்குப் பக்கத்து இடம் ஒழுக ஆரம்பித்திருக்கும். நனைந்த பனியனோடு உட்கார்ந்து டீ கேட்பீர்கள். அந்த முகத்தில் இருக்கும் திருப்தியைப் பார்த்தால் எனக்குத் திட்டவும் மனம் வராது, சிரிக்கவும் முடியாது.

அந்த வால்வை மட்டும் என்னால் மன்னிக்கவே முடிந்ததில்லை. மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாயில் இருந்ததே, அது. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் தண்ணீர் வரும், குறுக்கே இருந்தால் நிற்கும். ஊர் உலகத்தில் அப்படித்தான். நம் வீட்டில் கைப்பிடி உடைந்தபோது நீங்கள் வேறொன்றைத் தேடி எடுத்துவந்து மாற்றி மாட்டினீர்கள். அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். குறுக்கே இருந்தால் திறந்திருக்கிறது, நேராக இருந்தால் மூடியிருக்கிறது. நான் கேட்டதற்கு, "தண்ணி வருது இல்ல? கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தா இன்னாடி?" என்றீர்கள். விருந்தாளி யார் வந்தாலும் குளிக்கப் போகும்முன் அவர்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்தது. நீங்கள்தான் நடத்துவீர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நீங்கள் போன பிறகு நீங்கள் போட்ட ஜாயிண்டுகள் ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பித்தன. நமக்கு வருவது உப்புத் தண்ணீர் வேறு. வாளி வைத்தேன், துணி சுற்றினேன். சுவர் ஊறிப்போய்ப் பூச்சு உப்பிக்கொண்டு வந்த பிறகுதான் பாகூர் கடைத்தெருவில் நீங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "பிளம்பருங்கள போன்ல கூப்டா தோ வரேன்னுவானுங்கம்மா, வர மாட்டானுங்க. காலையில எதிர் டீக்கடையில நிப்பானுங்க, கையோட இட்டுனு போயிடுங்க" என்றார் கடைக்காரர். அப்படிப் பிடித்துவந்ததுதான் சேலியமேட்டு சேகரை. வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

குளியலறைச் சுவரைக் கொத்திப் பார்த்தவர் உள்ளேயிருந்தே சிரித்தார். "யாரும்மா இந்த வேலைய செஞ்சது? பிளம்பரா, கயிறு திரிக்கிறவரா?"

நான் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். "என் வூட்டுக்காரர்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"முன்ன ஒரு ஆளு வருவாருப்பா" என்றேன்.

"அந்த ஆள இனிமே வூட்டுக்குள்ள சேக்காதீங்க."

"வர மாட்டாரு" என்றேன்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தபோது தலைக்கு மேலே உங்கள் படம். "சாரு இன்னா வேலை பாத்தாரு?" என்று கேட்டார். கண்டக்டர் என்று மட்டும் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் உங்கள் சணலும் டியூபும் ஒரு சாக்குப்பைக்குள் போய்விட்டன. வால்வையும் மாற்றினார். "பசை காயணும், மூடி வச்சிருக்கேன். காலையில தொறந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் குளிக்கப் போனேன். கைப்பிடி குறுக்கே இருந்தது. மூடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திறந்துபோட்டுப் போயிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திருகினால் ஒரு சொட்டு வரவில்லை. எனக்குத்தான் கோபம் மூக்கின் மேல் நிற்குமே. போனைப் போட்டு, "நேத்து வேலை செஞ்சிட்டுப் போனே, இன்னிக்குத் தண்ணி வரல" என்று சத்தம் போட்டேன்.

"வால்வத் தொறந்தீங்களாம்மா?"

"தொறந்துதான் இருக்குது. குறுக்கதான் இருக்குது."

"குறுக்க இருந்தா மூடியிருக்குதும்மா. உங்களுக்கு யாரு மாத்திச் சொல்லிக் குடுத்தது?"

ஈரமில்லாத தரையில் நின்றுகொண்டிருந்தேன். இந்த முறை பொய் வரவில்லை.

"என் வூட்டுக்காரர்" என்றேன். "அந்த வேலையெல்லாம் அவருதான் செஞ்சாரு. நேத்து நான் உன்கிட்ட சொல்லல."

"தெரியாமப் பேசிட்டேம்மா" என்றார்.

"நீ பேசினது சரிதான்பா. அவரை யாரோ ஒரு ஆளுன்னு சொன்னது நானு."

பிறகு, "வேணும்னா கைப்பிடிய அந்த மாதிரியே மாத்தி மாட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றேன். இனி வருகிற விருந்தாளிக்குப் பாடம் நடத்த யார் இருக்கிறார்கள்?

இப்போது வீட்டில் எங்கும் ஒழுகவில்லை. சுவர் காய்ந்து வருகிறது. சொட்டுச் சத்தம் இல்லாமல் நன்றாகத் தூங்குகிறேன். நீங்கள் இல்லாததால் கிடைத்த சௌகரியம் இது என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் இதற்காகத்தான் உங்களோடு சண்டை போட்டேன். கிடைத்ததும் இப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒழுகலுக்குப் பயந்து குளிக்கும் நேரம் மட்டும் திறந்துவைத்த வால்வை இனி மூட வேண்டிய அவசியமே இல்லை, சேகர் சொல்லிவிட்டார். ஆனாலும் காலையில் குளிக்கப் போனதும் கை தானாகப் போய்க் கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிடுகிறது. தண்ணீர் நின்றுவிடும். அப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகுதான் ஊரார் பக்கம், குழாயோடு நேராகத் திருப்புகிறேன்.