மலையேறிய தீ

நிலாக் குடியிருப்பு, வீடு 14. வீட்டுப் பதிவு.
எழுதுவது: செண்பகவல்லி.

வெள்ளி, காலை 6.10
காற்று, தண்ணீர் இரண்டும் சரி. என் வீட்டுக்காரர் கொழுந்துவேல் குழாய் வேலைக்குப் போயிருக்கிறார். வாரத்துக்கு ஒரு திரி எரிக்க அனுமதி உண்டு, விளக்கேற்றிக் கும்பிட்டேன். கண்ணாடிக் கூண்டைத் தூக்கித் திரியின் கரியைத் தட்டும்போது கங்கு சோபாவில் விழுந்து, உள்ளே ஸ்பாஞ்சு புகைந்தது. ஈரத்துணியால் அமுக்கினேன். கையில் சின்னக் கொப்புளம். விளக்கும் மலையேறிவிட்டது, தீயும் மலையேறிவிட்டது. முருகன் துணை.

6.11
இந்தப் பதிவைப் படிக்கும் காவல் இயந்திரத்திடமிருந்து:
"தீ மேல்நோக்கி ஏறுவதாக வீட்டார் தகவல். வீடு 14 பூட்டப்பட்டது. காற்றுக் குழாய் அடைக்கப்பட்டது."

6.30
எங்கள் பக்கம் விளக்கு எரிந்து முடிந்தால் அதற்குரிய சொல்லை வாயால் சொல்லமாட்டோம். மலையேறியது என்போம், குளிர்ந்தது என்போம். இதையெல்லாம் விளக்கி எழுதினேன். பதில்:
"பூட்டியபின் வரும் விளக்கம் ஏற்கப்படாது. புகை அளவு 3-க்குக் கீழே இறங்கி, வீட்டார் எழுத்தில் உறுதி சொன்னால் கதவு திறக்கும்."
புகையை அளக்கும் சுவர்மானி 9 காட்டுகிறது. உள்ளே இருக்கும் காற்று, நான் கூட்டிக் கழித்துப் பார்த்தவரை, உச்சிவேளை தாண்டாது.

7.40
சோபா உறையைக் கழற்றிப் பையில் கட்டினேன். ஸ்பாஞ்சின்மேல் ஆப்பச்சோடாவை அப்பி, ஊறவிட்டு, வாக்குவம் கிளீனரால் இழுத்தேன். அளவு 7. அவர் வந்துவிட்டார். கதவு ஒலிபெருக்கியில் அவர் குரல்:
"ஏளா செம்பா, மூச்சு விட முடியுதா? ஆபீஸ்ல ஒரே ஒரு பய இருக்கான். என்ன கேட்டாலும் மெஷின்ட்ட கேளுங்கான். அந்தச் சோபா வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியா நீ?"
சிரிப்பு வந்தது. சிரித்தால் காற்று செலவாகும்.

9.05
வினிகரில் தண்ணீர் கலந்து தெளித்தது தப்பு. ஈரம் பட்டதும் உள்ளே கிடந்த வாடை கிளம்பி அளவு 8 ஆகிவிட்டது. கத்தியால் ஸ்பாஞ்சை அறுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஒரு குழி. அந்தப் பகுதியை முழுக்க வெட்டி குக்கரில் திணித்து மூடினேன். வெயிட் போட்டு, சுற்றிலும் பிசைந்த மாவு பூசினேன். தண்ணீர் வடிகட்டியில் இருந்த கரியை இடித்து, மிச்ச சோபாமேல் தூவினேன்.

10.40
அளவு 2. முருகா.
எழுதினேன்: தீ குளிர்ந்துவிட்டது.
"வெப்பக் குறைவு பதிவானது. தீயின் நிலை தெளிவில்லை."
எழுதினேன்: தீ அமர்ந்துவிட்டது.
"தீ எங்கே அமர்ந்திருக்கிறது?"

11.15
தலை கனக்கிறது. இயந்திரத்தின் பதில்களைப் படித்துச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது.
"அணைஞ்சிட்டுன்னு எழுதுளா. அதுக்கு அந்த ஒரு சொல்லுதான் தெரியும்."
நீங்கள் வாசலில் நிற்கும்போது அதை எப்படி எழுதுவது என்றேன். தாலி கட்டிய நாளிலிருந்து என் வாயில் வராத சொல். விளக்கைச் சொன்னால் வீட்டைச் சொன்ன மாதிரி. வீட்டைச் சொன்னால் அவரை.
"எனக்கு ஒண்ணும் வராது. இந்தா, கல்லு கணக்கா நிக்கேன். கதவைத் தட்டுதேன், கேக்குதா? எழுதிரு, தாயி."
கேட்கிறது. இருபத்தாறு வருஷத்தில் என்னைத் தாயி என்று கூப்பிட்டதில்லை. அழுகிறார் போல.

11.40
எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. குக்கரைப் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறது. தட்டுகிற சத்தம் இன்னும் கேட்கிறது, அதுவரை நல்லது.
முருகா, விளக்கைச் சொல்லவில்லை. அவரைச் சொல்லவில்லை. சோபாவில் விழுந்த தீயை மட்டும்தான் சொல்கிறேன். கணக்கில் அப்படியே வைத்துக்கொள்.
தீ அணைந்

11.46
"பதிவு முழுமையாக இல்லை. மீண்டும் எழுதவும்."

11.56
"வாசலில் தொடர்ந்து தட்டும் ஓசை. காரணம் தெரியவில்லை. பதிவு முழுமையாக இல்லை. மீண்டும் எழுதவும்."