தூசி கழுவிப் பாக்கையிலே

ஜூன் 3, செவ்வாய்

இ-சேவை மையத்தில் காலையிலிருந்து சர்வர் படுத்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும், சர்வரை நான்தான் ஒளித்து வைத்திருப்பது போல என்னை முறைத்தார்கள். பெரம்பலூரில் ஏறும்போதே உட்கார இடம் கிடைத்தது. பேரளி தாண்டியதும் கண் சொருகியது.

அப்போதுதான் பஸ் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு.

வெள்ளையா வர்ற அப்பனுக்கு
வெந்நீ வச்சேன் வாசலிலே

என் பாட்டு! இருபத்திரண்டு வயதில் நான் எழுதி நான் பாடியது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை முடிந்து, தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக வீடு திரும்பும் என் அப்பாவைப் பற்றியது. ஆனால் குரல் என்னுடையது இல்லை. யாரோ ஒரு பெண், வயலின் எல்லாம் வைத்து அழகாகப் பாடுகிறாள். ‘தூசி கழுவிப் பாக்கையிலே’ என்ற இடத்தில் பட்டென்று நின்றது. எங்கள் கேசட்டிலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

கண்டக்டரைக் கேட்டேன். “இப்ப எல்லா போன்லயும் இதான் ஓடுதுக்கா. பாதியில நிக்குது பாருங்க, அதான் கெத்து” என்றார்.

கெத்தாம்.

ஜூன் 4

தேடிப் பிடித்துவிட்டேன். சென்னையில் தென்றல் என்ற பெண்ணும் அவள் குழுவும் போட்ட ஆல்பம். ‘பேர் தெரியாதவர்கள்’ என்று பெயர். பழைய சாமான் கடைகளில் கேசட்டுகளைப் பொறுக்கி, யாருக்கும் தெரியாத ஒன்பது குழுக்களின் ஒன்பது பாட்டுகளைத் தாங்கள் மறுபடி பாடி, அந்தக் குழுக்களுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். என் பாட்டுக்குக் கீழே: ‘நத்தை குழு, 2001, பெரம்பலூர்ப் பக்கம். எழுதியவர், பாடியவர் தெரியவில்லை.’

தெரியலன்னா தேடணும்ல? நான் என்ன செத்தா போயிட்டேன்?

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், கழுவியபின் என்ன தெரிந்தது என்று சொல்லாமல் விட்டதுதான் கவிதை என்று. அதற்கு நானூறு லைக். கவிதையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. எங்கள் குழுவிலிருந்த வீரமுத்து சின்ன கேசட்டாக வாங்கிவந்தான், இடம் போதவில்லை, என் கடைசிச் சரணத்தை வெட்டிவிட்டான். அவ்வளவுதான் அந்தக் கவிதை.

நத்தையில் நாங்கள் மூன்று பேர். நான் பாட்டு, வீரமுத்து கிடார், இப்போது குவைத்தில் இருக்கும் உத்திராபதி தப்பு மேளம். சுரங்கத்தில் கிடைத்த, கல்லாகிப்போன ஒரு நத்தையை வீரமுத்து சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். அதனால் அந்தப் பெயர். கேசட் வந்த புதிதில் கல்லங்குறிச்சித் தேரன்று, அத்தனை கூட்டத்தில், அவனை நிற்கவைத்துக் கிழித்தேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றோடு குழுவும் முடிந்தது, பேச்சும் முடிந்தது. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம்.

ஜூன் 6

நான்தான் ஜெயசித்ரா, அந்தப் பாட்டு என்னுடையது, பெயரைப் போடுங்கள் என்று தென்றலுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. “அக்கா, இதுவரைக்கும் ஏழு பேர் இதையே சொல்லிட்டாங்க. நீங்கதான்னா, நின்ன எடத்துக்கு அடுத்த வரி என்னன்னு சொல்லுங்க.”

நியாயமான கேள்விதான். ‘தூசி கழுவிப் பாக்கையிலே’ வரைக்கும் கடகடவென்று டைப் செய்தேன்.

அதற்கப்புறம் கை நின்றுவிட்டது.

ஜூன் 7

பல் தேய்க்கும்போது, தோசை ஊற்றும்போது, யாரோ ஒருவருடைய வருமானச் சான்றிதழுக்கு நடுவில் — வரவில்லை. நான் எழுதியது எனக்கே வரவில்லை.

ஜூன் 10

ஆல்பத்தில் மற்ற எட்டுப் பாட்டையும் இன்றுதான் கேட்டேன். இவ்வளவு நாள் என் பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கடுப்பாகிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டு உப்பளத்தில் வேலை பார்த்த மூன்று பேர் பாடியதாம். அவர்களே பாடியது கிடைக்குமா என்று தேடினேன். யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். மொத்தமே இருநூறு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். தென்றல் வைத்த புல்லாங்குழல் அதில் இல்லை. நடுவில் ஒரு சேவல் கூவுகிறது. பாடுகிறவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொள்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து முறை கேட்டேன். தென்றல் பாடியிராவிட்டால் இந்த மனிதரை எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்தப் பெண் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. வீரமுத்து மேல் இருந்தது போகவில்லை.

முதலில் பதிவு செய்த டேப் அவனிடம்தான் இருக்கவேண்டும். அரும்பாவூரில் மாவு மில் வைத்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என் வீட்டுக்காரர் தமிழழகன் கேட்டார், “சண்டைய முடிக்கப் போறியா, தொடரப் போறியா?”

“டேப்ப வாங்கப் போறேன்” என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இதை உள்ளபடி எழுதிவிடவேண்டும். நாளைக்கு மாற்றி எழுதினாலும் எழுதுவேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒருவன் வந்தான், புருவம் இமை எல்லாம் மாவு. “வா ஜெயா” என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன வசவெல்லாம் மறந்துபோனது. குழாயடியில் முகம் கழுவிவிட்டுத் துண்டோடு வந்து உட்கார்ந்தான்.

“தலையில இன்னும் மாவு இருக்கு பாரு” என்றேன்.

“அது மாவு இல்ல” என்று சிரித்தான்.

டேப் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவந்தான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறான். மில்லை நிறுத்திவிட்டுப் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டான்.

‘தூசி கழுவிப் பாக்கையிலே.’ அதே இடம். பிறகு கொஞ்சம் இரைச்சல். பிறகு என் குரல், இருபத்திரண்டு வயதுத் திமிரோடு: “நிறுத்து, நிறுத்து. கடைசிச் சரணம் இன்னும் எழுதல. நாளைக்கு எழுதித் தரேன்.” வீரமுத்துவின் குரல்: “நாளைக்கு ரெக்கார்டர திருப்பிக் குடுக்கணும் ஜெயா.” மறுபடி நான்: “அதெல்லாம் பாத்துக்கலாம் போ.”

அதோடு சரி. டேப் தன்பாட்டுக்கு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. இடமெல்லாம் நிறையவே இருந்தது.

அவன் எதையும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒத்திகையில் நாளொரு மாதிரியாக வாய்க்கு வந்ததைப் பாடுவேன். அதில் ஒன்றைப் பதிவு செய்துவிட்டதாக நானே நம்பியிருக்கிறேன். இருபத்துநாலு வருஷம்! எத்தனை பேரிடம் இவனைப் பற்றிச் சொல்லியிருப்பேன்...

“ஏன்டா அப்பவே சொல்லல?”

“தேர்ல நீ என்னைய பேச வுட்டியா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் மனைவி புவனேஸ்வரி காபி கொண்டுவந்து வைத்தாள். மன்னிச்சுக்க என்று சொல்ல நினைத்து, “காபி நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 16

சொல்லாமல் விட்டதைப் போனில் சொன்னேன். “சரி சரி, வரிய எழுது” என்றான்.

ஜூன் 17

ஏதாவது ஒரு வரியை இட்டுக்கட்டி அனுப்பியிருக்கலாம். தென்றலுக்கு என்ன தெரியப்போகிறது? முடியவில்லை. உண்மையை எழுதினேன். அடுத்த வரி கிடையாது, நான் எழுதவே இல்லை, நாளைக்கு என்று சொன்னவள் எழுதாமலே கல்யாணமாகிப் போய்விட்டேன். டேப்பின் கடைசி அரை நிமிஷத்தையும் அனுப்பினேன்.

மாலையிலேயே போன் செய்துவிட்டாள். “அக்கா, அந்த ஏழு பேரும் ஆளுக்கொரு வரி சொன்னாங்க. இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.” பெயரைப் போட்டுவிட்டாளாம். மூன்று பேர் பெயரும் போடச் சொன்னேன். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், “இப்ப எழுதுவீங்களாக்கா? இல்ல, அப்படியே நிக்கட்டுமா?”

நிக்கிறதாவது! எழுதுவேன்.

ஜூன் 22

எட்டுத் தாள் கிழித்தாயிற்று. எல்லாம் இருபத்திரண்டு வயதுக்காரி எழுதுகிற மாதிரியே வருகிறது. அவளுக்கு விடை தெரியாததால்தானே நாளைக்கு என்றாள்? அப்போது அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. குளித்து வந்தால் தலை கறுகறுவென்று இருக்கும்.

மத்தியானம் துணி அலசும்போது வீரமுத்துவின் தலை ஞாபகம் வந்தது. ஈரக்கையோடு ஓடிவந்து எழுதினேன்.

தூசி கழுவிப் பாக்கையிலே
தலையில வெள்ளை போகலியே
இன்னொரு செம்பு ஊத்தட்டுமா
எதுக்கப்பா நீ சிரிக்கிறே

அப்பா இருந்திருந்தால் நேராகப் போய்ப் பாடிக் காட்டியிருப்பேன். ஆறு வருஷம் பிந்திவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாவு மில்லிலேயே பதிவு செய்தோம். மூட்டை அடுக்கிய அறையில் எதிரொலி இல்லை. குவைத்திலிருந்து உத்திராபதி தப்பை வாசித்து அனுப்பியிருந்தான். என் குரல் இப்போது கட்டை. பதினோரு தடவை பாடினேன். “போதும்” என்றான் வீரமுத்து. போதாது என்று இன்னொரு தடவை பாடினேன். அதைத்தான் தென்றலுக்கு அனுப்பியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலை பஸ்ஸில் எங்கள் பாட்டு ஓடியது. தென்றல் பாடியது இல்லை, நாங்கள் பாடியது. பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கல்லூரிப் பெண். நான் ஸ்பீக்கரையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கம் சொன்னாள். “இது ஒரிஜினல் இல்லக்கா. ஒரிஜினல் பாதியில நின்னுடும். இது யாரோ பின்னாடி சேத்துப் பாடுனது.”

ஜூன் மாதமாக இருந்திருந்தால் பஸ்ஸை நிறுத்தியிருப்பேன்.

“நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

கையைக் காட்டிப் பேச வேண்டாம் என்றாள். கடைசி வரி முடியும்வரை கேட்டாள். “தெரியலக்கா. ஆனா நேத்துதான் எங்கப்பாவுக்கு அனுப்பி வுட்டேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வீரமுத்துவிடம் போனில் சொன்னேன். மில் சத்தத்தையும் மீறிச் சிரித்தான். “அடுத்த பாட்ட எப்ப தர?” என்றான். நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டு போனை வைத்தேன்.

இரண்டு வரி வந்திருக்கிறது. இன்றைக்கே எழுதி வைக்கிறேன்.